ரொட்டியை மடித்தால் பிளக்கிறது: பிள்ளைகளுக்கு டோர்ட்டில்லா மாதிரி வீட்டிலேயே செய்வது எப்படி?

தலவாக்கலை டீச்சர்:
ஸ்கூல் முடிந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வரவே ஐந்து மணி ஆகிவிடுகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் பசியோடு இருப்பார்கள். தினமும் பாணும் பருப்பும் கொடுக்க எனக்கு மனமில்லை. டோர்ட்டில்லாவில் (மெக்சிகோக்காரர்களின் மெல்லிய ரொட்டி) ஒரு வெட்டுப் போட்டு, நாலு மூலையிலும் நாலு சாமான் வைத்து, முக்கோணமாக மடித்துச் சுடும் வீடியோ 2021இல் எல்லார் போனிலும் ஓடியதே, அதைத்தான் கேட்கிறார்கள். பாக்கெட் டோர்ட்டில்லா விலை நமக்குக் கட்டாது. தேங்காய் ரொட்டியை மடித்தால் நடுவில் பிளக்கிறது. சோள மாவில் செய்தால் சரிவருமா? சின்னவன் லீக்ஸைத் தொடமாட்டான், பெரியவளுக்கு முட்டை ஆகாது.

பண்டாரவளை மலர்:
டீச்சர், தேங்காய் ரொட்டி இதற்கு வேண்டாம். தேங்காய்ப்பூ இருக்கிற இடத்தில்தான் முதலில் விரியும், தடிப்பும் கூட. வெறும் கோதுமை மா 2 கப், உப்பு அரைத் தேக்கரண்டி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் முக்கால் கப். நன்றாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விடுங்கள். நம் ஊர்க் குளிரில் மா இறுகிப்போய், தேய்க்கத் தேய்க்கத் திரும்பச் சுருங்கும். அதனால் அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். 8 உருண்டை வரும். முடிந்த மட்டும் மெல்லிசாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த கல்லில் போட்டு, கொப்புளம் வந்ததும் திருப்பி உடனே எடுத்துவிட வேண்டும். அதிக நேரம் கிடந்தால் அப்பளம்தான். சுட்டதை ஒன்றன்மேல் ஒன்றாகத் துணிக்குள் சுற்றி வையுங்கள். அந்த ஆவியில்தான் மடிக்கிற பதம் வரும், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நடுவிலிருந்து கீழே விளிம்பு வரை ஒரு வெட்டு. இடது கீழ்மூலையை மேலே மடித்து, அதை வலப்பக்கம் மடித்து, பிறகு கீழே மடித்தால் முக்கோணம். கொஞ்சம் மாஜரின் தடவிய கல்லில் இரண்டு பக்கமும் அழுத்திச் சுடுங்கள்.

உள்ளே வைப்பது எதுவும் ஈரமாக இருக்கக் கூடாது. கரட்டும் கோவாவும் துருவி, தண்ணீர் வற்றும்வரை வதக்குங்கள். பருப்பு கெட்டியாக இருக்கட்டும். டின் மீன் என்றால் சாற்றை வடித்து, வெங்காயத்தோடு பிரட்டுங்கள். அதன் முள் மெதுவானது, நசுக்கிவிட்டால் போதும். ஒரு மூலையில் சீஸ் இருந்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். சீஸ் இல்லாத நாளில் வெலிமடை உருளைக்கிழங்கை அவித்து மிளகுத்தூளோடு மசித்து வைப்பேன், அதுவும் பிடித்துக்கொள்ளும். எனக்கென்றால் அதுதான் ருசி. ஆளுக்கொரு ரொட்டி என்பதால் சின்னவனுடையதில் லீக்ஸ் வேண்டாம், மகளுடையதில் முட்டை வேண்டாம். பிள்ளைகளே எடுத்து வைக்கட்டும். தன் கையால் வைத்ததைத் தள்ளிவைக்க மாட்டார்கள்.

பதுளை அண்ணன்:
சோள மா பற்றியும் கேட்டீர்களே. மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைப்பார்கள். சுண்ணாம்பு பட்டால்தான் அந்த மா ஒட்டும். இங்கே கடையில் கிடைக்கிற சோள மாவுக்கு அந்தப் பக்குவம் இல்லை, தேய்க்கும்போதே உதிரும். கோதுமையில் செய்தால் அசல் இல்லை என்றும் நினைக்காதீர்கள். ஸ்பானியர்கள் அங்கே கோதுமையைக் கொண்டுபோன பிறகு, வடமெக்சிகோவில் கோதுமை டோர்ட்டில்லா வீட்டுச் சாப்பாடாகவே ஆகிவிட்டது.

தலவாக்கலை டீச்சர்:
ரொம்ப நன்றி. மலர் அக்கா, வேலை நாளில் மா பிசைய நேரமே கிடைக்காது. முதல் நாளே பிசைந்து வைக்கலாமா?

பண்டாரவளை மலர்:
வைக்கலாம், ஆனால் பிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும். அதைவிட ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் லேசாகச் சுட்டு, ஆறவைத்து, பையில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். மடிக்கிறதுக்கு முன்னால் சூடான கல்லில் ஒரு நொடி காட்டுங்கள், குளிர்ந்த ரொட்டியை அப்படியே மடித்தால் உடையும்.