பாறையில் தொங்கி நின்ற ஜீப்: பின்பக்க லாக்கர் போடலாமா?

செம்மண்சக்கரம், காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது நான்கு பக்கமும் ஸ்பிரிங் பட்டை வைத்த பழைய டீசல் ஜீப். நீளமான ஷாக்கிள் (ஸ்பிரிங் பட்டையைச் சட்டகத்தோடு இணைக்கும் இணைப்பு) போட்டு இரண்டு அங்குலம் உயர்த்தியிருக்கிறேன்; 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர் மாட்டியிருக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை, திருப்பத்தூருக்கும் சிங்கம்புணரிக்கும் இடையில் என் தாய்மாமனின் பட்டா நிலத்தில் உள்ள மொட்டைப் பாறையில் நண்பர் ஒருவருடன் காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினேன்.

முதல் இரண்டு மணி நேரம் ஒரு குறையும் இல்லை. ஒன்பதரை மணியளவில், நெல்மூட்டை அளவுள்ள கல் ஒன்றை இரு சக்கரங்களுக்கும் நடுவில் விட்டுத் தாண்டிவிடலாம் என்று எண்ணிப் போனேன். முன் ஆக்சில் (இரு சக்கரங்களையும் தாங்கும் அச்சு) தப்பியது. பின் ஆக்சிலின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியலின் (எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) உருண்டை கல்லின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இடது பின்சக்கரம் அந்தரத்தில் சுற்ற, வலது பின்சக்கரம் அசையவே இல்லை. முன்பக்கத்திலும் ஒரு சக்கரம் சரளையில் பிடிமானமின்றிச் சுழன்றது. மிதிக்க மிதிக்க ரப்பர் கருகும் வாடைதான் வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "மிதிக்காதிய தம்பி, தூக்கிக் கல்லு குடுங்க" என்றார். அவர் சொன்னபடியே பாட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் அடியில் கல்லை அண்டக் கொடுத்து வெளியே வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பாறை கை வைக்க முடியாதபடி கொதித்துவிட்டது.

பின்பக்கம் லாக்கர் (இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்ற வைக்கும் கருவி) போட்டிருந்தால் இது நடந்திருக்காது என்கிறார் நண்பர். போடலாமா? அல்லது வண்டியை இன்னும் உயர்த்த வேண்டுமா? அடுத்த முறை பிரான்மலைச் சரிவுக்குப் போகலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

நாலுபட்டை, தேவகோட்டை

தம்பி, உயர்த்துவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஷாக்கிளை எவ்வளவு நீட்டினாலும் உயர்வது சேஸி என்கிற சட்டகமும் அதன்மேல் உள்ள உடலும்தானே தவிர, ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். டிஃபரன்ஷியலைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் ஒன்றுதான். அதுவும் விட்டத்தில் கூடிய அளவில் பாதிதான். நீங்கள் மூன்று அங்குலம் கூட்டியதில் உருண்டைக்குக் கிடைத்தது ஒன்றரை அங்குலம். அந்தக் கல் எத்தனை அங்குலம் என்று அளந்தீர்களா?

லாக்கரின் வேலையையும் பார்ப்போம். சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். அந்தரத்தில் உள்ள சக்கரம் சுழல ஏறத்தாழ ஒன்றுமே தேவையில்லை என்பதால், தரையில் உள்ள சக்கரத்துக்கும் அந்த ஒன்றுமில்லாததுதான் போய்ச் சேரும். லாக்கர் இருந்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும், உண்மைதான். ஆனால் வண்டியின் பாரம் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கும்போது அது ஆக்சிலின் கூட்டைக் கல்லில் தேய்த்துக்கொண்டு இழுத்திருக்கும், அல்லது சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்ட்டை முறித்திருக்கும். கல்லை நடுவில் விட்டது தவறு. ஒரு பக்கச் சக்கரத்தைக் கல்லின்மேலேயே ஏற்றியிருந்தால், அந்தச் சக்கரத்தோடு ஆக்சிலும் உயர்ந்து உருண்டை தப்பியிருக்கும்.

கேள்வியில் காற்றழுத்தம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சாலைக்கு வைத்த அழுத்தத்திலேயே ஏறியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கருங்கல் பாறையில் 16 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் கல்லைக் கவ்வும். பீட்லாக் (டயரின் ஓரத்தை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம்) இல்லாத சாதாரண ரிம்மில் 12க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். நம் பக்கத்துச் செம்பூரான் கல் வேறு வகை: அதன் விளிம்பு அரிவாள்போல் டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும் என்பதால் நான் அங்கே 22க்குக் கீழே இறக்குவதில்லை. சாலைக்குத் திரும்பும் முன் கம்ப்ரஸரால் மறுபடி ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பற்சக்கர விகிதம் முதல் கியரில் 4, டிரான்ஸ்ஃபர் கேஸின் (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) லோவில் 2.5, ஆக்சிலில் 5 என்று வைத்துக்கொண்டால் பெருக்கித் தொகை 50. ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 முறை சுற்றினால் சக்கரம் நிமிடத்துக்கு 16 முறை சுற்றும். 28 அங்குல டயரில் அது ஏறக்குறைய 36 மீட்டர், அதாவது மணிக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சம். கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு அந்த நடையிலேயே வண்டியை ஊர விட வேண்டும். டயரைப் பெரிதாக்கியதால் இந்த நடையில் பத்து விழுக்காடு கூடிவிட்டது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. நீண்ட ஷாக்கிளால் ஆக்சில் முகம் திரும்பி, விசையை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறியிருக்கும். அடியில் படுத்து அந்த ஷாஃப்ட்டின் முனைகளில் மடங்கும் மூட்டான யூ ஜாயின்ட்டின் கிராஸ்களைப் பாருங்கள்.

கண்மாய்க்கரை, திருப்பத்தூர்

பிரான்மலை யோசனையைக் கைவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியோடு நுழைவதே குற்றம். காடில்லாத பாறைகளிலும் நம் வட்டாரத்தில் மேலே என்ன இருக்கிறது என்று தெரியாமல் சக்கரம் வைக்கக் கூடாது; குன்றக்குடியில் தமிழி எழுத்துடன் சமணர் படுக்கை இருப்பதை அறியாமல் அந்தப் பாறையைக் கடந்து போகிறவர்களே அதிகம். வேட்டங்குடியில் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வைக்காத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கண்மாய்க்கரையோரம் நாம் ஜீப்பை உறுமவிடுவது அழகல்ல. உங்கள் மாமன் நிலமே போதும். கைவிட்ட கல்குவாரிக்கு மட்டும் போய்விடாதீர்கள். வெடிவைத்துப் பிளந்த விளிம்பு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது, கீழே தண்ணீர் நிற்கும் பள்ளத்தின் ஆழமும் தெரியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52ஐயும் படித்துவிடுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வழுக்குப்பாறை

நாலுபட்டை அண்ணன் சொன்னதில் ஒரே ஒரு மாறுபாடு. ஐப்பசி மழைக்குப் பிறகு பாசி படிந்த பாறையில் லாக்கர் இல்லாமல் நான் ஏற முயன்று தோற்றிருக்கிறேன். வீண்செலவு என்று அதை ஒதுக்க வேண்டாம். ஓட்டப் பழகிய பிறகு போடலாம்.

செம்மண்சக்கரம், காரைக்குடி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அண்ணன் ஊகித்தது சரி: 32 பிஎஸ்ஐயில்தான் ஏறியிருக்கிறேன். இந்த ஞாயிறு 17க்கு இறக்கி, நண்பரை முன்னால் நிறுத்திக் கையசைவு காட்டச் சொல்லி, அதே கல்லின்மேல் வலது சக்கரத்தை ஏற்றினேன். டயர் கல்லின் முனையில் அழுந்தி, மாவு பிசைந்ததுபோல் மடிந்து, மெல்ல மேலேறியது. உருண்டைக்கும் கல்லுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்ததாக நண்பர் சொன்னார்.

பின்னர் அடியில் படுத்துப் பார்த்தபோது பின் கிராஸின் ஒரு மூடியைச் சுற்றி மிளகாய்ப்பொடி தூவியதுபோல் துருப்பொடி ஒட்டியிருந்தது. கிரீஸ் வற்றிவிட்டது என்று பட்டறையில் சொன்னார்கள். புதிய கிராஸும் பழைய ஷாக்கிளும் மாட்டக் கொடுத்திருக்கிறேன். லாக்கருக்கு ஒதுக்கிய பணத்தில் கம்ப்ரஸர் வாங்கியாயிற்று.