கரைக்கிட்ட காத்து ஏன் இப்படி மாறிட்டே இருக்கு? பாய்மரம் ஓட்டறவங்க சொல்லுங்க

புதுப்பாய்:
சின்ன டிங்கிதான் (குட்டி பாய்மரப் படகு), ஓட்ட ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆச்சு. ஆப்ல நாள் முழுக்க ஒரே திசை, காத்து வேகம் 8 நாட்ஸ்னு (மணிக்கு 8 கடல் மைல்) போட்டிருந்துச்சு. காலைல கரைலேருந்து நல்லா வீசுச்சு, ஜாலியா வெளிய போயிட்டேன், பத்தரைக்கு மேல அப்படியே செத்துப்போச்சு, பாய் தொங்குது, பூம் (பாயோட அடிப்பக்கத்தை பிடிக்கற கட்டை) தலைக்கு மேல இங்கயும் அங்கயும் ஆடுது, அரை மணி கழிச்சு நேர் எதிரா கடல்லேருந்து வருது. மூணு மணிக்குள்ள அதுவும் 40 டிகிரி திரும்பிடுச்சு. இத முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

உப்புக்காத்து:
ஆப்பை திட்டாதீங்க. நிறைய ஆப்ல வர்ற ஜிஎஃப்எஸ் (அமெரிக்காவோட உலக வானிலை கணிப்பு மாடல்) டேட்டா 0.25 டிகிரி கட்டம், அதாவது சுமார் 25 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி, உங்க கரையோர சமாச்சாரம் அதுல எங்க தெரியும். நிலம் சூடாகி காத்து மேல போகுது, கடல்லேருந்து குளிர்ந்த காத்து அந்த இடத்துக்கு வருது. காலைல கரைக்காத்து மெல்லிசா இருந்தா கடல்காத்து சுலபமா கிளம்பும், 25 நாட்ஸ் அடிச்சா கிளம்பவே விடாது. நடுவுல ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்கற நேரத்துலதான் நீங்க மாட்டிருக்கீங்க. கரைக்கு மேல பஞ்சு மேகம் கட்டி, கடல் மேல வானம் துடைச்ச மாதிரி இருந்தா வரப்போகுதுன்னு அர்த்தம். அது முதல்ல கரையை ஒட்டித்தான் ஆரம்பிக்கும், அப்புறம்தான் வெளிய பரவும்.

மிதவை:
அந்த 40 டிகிரி பூமி சுழற்சியால. வடகோளத்துல கடல்காத்து நேரம் ஆக ஆக கடிகார திசைல திரும்பும், தென்கோளத்துல தலைகீழ். அதனால காத்தை எதிர்த்துப் போறப்போ வடகோளத்துல வலது பக்கம் முதல்ல போங்க. நான் ஒரு ரேஸ்ல ஹெட்டர் (காத்து முன்பக்கமா திரும்பி போட்டை வழியிலிருந்து விலக்கறது) வந்தவுடனே டாக் அடிச்சு அடிச்சு (மூக்கை காத்துக்கு குறுக்கே திருப்பி) இடது பக்கமே ஒதுங்கி கடைசில வந்தேன் 😅 அந்த வித்தை கரைக்காத்துக்குத்தான், அது கொஞ்ச நிமிஷத்துக்கு ஒருதரம் போய்ட்டு திரும்பி வரும். கடல்காத்து திரும்பினா பழைய திசைக்கு திரும்பி வராது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் காம்பஸ் பாத்து டெக்லயே பென்சில்ல எழுதுங்க, ரெண்டுல எதுன்னு தெரிஞ்சிடும்.

உப்புக்காத்து:
@மிதவை பூமத்திய ரேகைக்கிட்ட அந்த சுழற்சி ரொம்ப பலவீனம்ங்க, கண்ணை மூடிட்டு வலது போகக்கூடாது. அங்க கரை வளைவும் மேடும்தான் அதிகம் திருப்பும்.

புதுப்பாய்:
ஓ அதான்! நான் வெளிய தொங்கிட்டு இருந்தப்போ கரையை ஒட்டி ஒரு போட் மட்டும் ஜம்முனு போச்சு, அதுல மோட்டார் இருக்குன்னு நெனச்சேன்.

உப்புக்காத்து:
அது பக்கத்துல தண்ணி கருப்பா சொரசொரன்னு இருந்துச்சா? காத்து படற இடம் அப்படித்தான் தெரியும்.

புதுப்பாய்:
இருந்துச்சு 🤦