பாப்பாவுக்குக் கரப்பான்ல சலம் (சீழ்) வெச்சு, ஆறி, மறுக்கா வந்துருச்சுங்க

தறிக்காரர் வீட்டம்மா:

பல்லடத்துக்குப் பக்கமுங்க நாங்க. பாப்பாவுக்கு 4 மாசம் முடிஞ்சு 20 நாள். ரெண்டாம் மாசத்துலயே ரெண்டு கன்னமும் சொரசொரன்னு செவந்துச்சு. அப்பறம் தலை, கைமுட்டி, கெண்டைக்கால்னு பரவிருச்சு. ஜட்டி போடற எடம் மட்டும் பூப்போல இருக்குது. டாக்டரம்மா பாத்த ஒடனே எக்ஸிமான்னுட்டாங்க. நம்ம ஊர்ல கரப்பான்னு சொல்றதுதான்.

மூணு வாரத்துக்கு முந்தி இடது கன்னத்துல தண்ணி கசிய ஆரமிச்சுது. விடிஞ்சு பாத்தா வெல்லப்பாகு காஞ்சாப்புல மஞ்சளாப் பக்குக் கட்டி, தொட்டில் சேலையோட ஒட்டிக் கெடக்குது. எடுக்கறப்ப பாப்பா அழுத அழுகை இன்னும் காதுலயே இருக்குதுங்க. கிருமி பூந்துருச்சுன்னு டாக்டரம்மா 7 நாளைக்கு ஆன்டிபயாட்டிக் சிரப்பு குடுத்தாங்க. கூடவே செவந்த எடத்துக்கு ஒரு ஆயின்மென்ட்டு, ஒடம்பு பூராப் பூசறதுக்கு ஒரு கிரீம் டப்பா.

அஞ்சாம் நாளே காஞ்சிருச்சு. மருந்து சூடு, போதும்னு அத்தை சொல்ல, நானும் சிரப்பை நிறுத்திட்டனுங்க. மெடிக்கல்ல வேற அந்த ஆயின்மென்ட்டைப் பாத்துட்டு "இது ஸ்டீராய்டுங்கோ, கொழந்தை மூஞ்சி கருத்துப் போயிரும்"னாரு. அதையும் மூடி வெச்சுட்டேன். சரியா பத்தே நாளு. மறுக்கா அதே கன்னம், இப்பக் கூடுதலா மணிக்கட்டுலயும்.

வீட்டுல ஆளுக்கொரு பேச்சு. இது அக்கின்னு அத்தை ஒத்தக்கால்ல நிக்கறாங்க. ஞாயித்துக்கெழமை பக்கத்து ஊர்ல பானை செய்யற தாத்தாகிட்டக் கொண்டுபோயி காவியில அக்கி எழுதோணுமாம். எங்கம்மா, நான் திங்கற சோத்துலதான் கோளாறுன்னு கத்திரிக்கா, கருவாடு, கடலை, முட்டை எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. ரசஞ்சோறு தின்னு தின்னு எனக்கே தலை சுத்துது. என்ற வீட்டுக்காரரு தறிக்குடோன் பஞ்சுதான் காரணம்னு ஜன்னலைச் சாத்திட்டாரு, உள்ள ஒரே வெக்கை. மாமனாரு மட்டும் ஒண்ணும் சொல்லல, அவருக்குக் காது கேக்காது.

காய்ச்சல் இல்லீங்க, பால் குடிக்குது, சிரிக்குது. ராத்திரிதான் தலையை அந்தப்பக்கம் இந்தப்பக்கம் தேச்சுக்கிட்டுத் தூங்கறதில்ல. அந்த ஆயின்மென்ட்டை மறுக்காப் பூசலாமுங்களா? ஏன் திரும்பத் திரும்ப வருது?

கோபி நங்கை:

கண்ணு, நாளைக்கே டாக்டரம்மாகிட்டப் போ. ஞாயித்துக்கெழமை வரைக்கும் வெச்சுக்காதே.

என்ற பையனுக்கு இப்ப 6 வயசு. மூணாம் மாசத்துல ஆரமிச்சு ஒண்ணரை வயசு வரைக்கும் பட்டோம். நீ பண்ணுன அதே காரியத்தை நானும் பண்ணிருக்கேன், ஒருக்கா இல்ல, மூணு தடவை.

எங்கப்பாரு தாராபுரத்துப் பக்கம் கொறங்காடு, அதான் வேலி போட்ட மேய்ச்சக்காடு, வெச்சிருந்தாரு. கிளுவ வேலி ஒரு எடத்துல முறிஞ்சா ஊரு ஆடு பூராம் அந்தச் சந்துலதான் நுழையும். ஆட்டை மட்டும் முடுக்கிட்டு வேலியைக் கட்டாம வந்தா, நாம வீடு வந்து சேர்றதுக்குள்ள மறுக்கா ஆடு உள்ள நிக்கும். கரப்பான் வந்த தோலு அப்படித்தான். சிரப்பு ஆட்டை முடுக்கும், அவ்வளவுதான். வேலியைக் கட்டறது ஆயின்மென்ட்டும் கிரீமும். நீ ஆட்டையும் பாதியில விட்டுட்டே, வேலியையும் கட்டல.

அந்தக் கிரீமை எவ்வளவு பூசறே? நான் மொதல்ல சுண்டைக்கா அளவு எடுத்து ஒடம்பு பூராவும் தேச்சுட்டிருந்தேன். டாக்டர் சிரிச்சுட்டாரு. கொழந்தைக்கே வாரத்துக்குக் கால் கிலோ வரைக்கும் செலவாகும்னாரு. மேல இருந்து கீழ, முடி சாஞ்ச பக்கமாத் தடவோணும், சுத்திச் சுத்தித் தேச்சா மயிர்க்கால்ல கொப்புளம் வரும்.

இன்னொண்ணு, டப்பாவுக்குள்ள வெரலை உட்டு எடுக்கறியா? சலம் இருக்கற கன்னத்தைத் தொட்ட வெரலு அதே டப்பாவுக்குள்ள போகுது பாரு. கழுவித் தொடைச்ச ஸ்பூன்ல எடுத்து ஒரு கிண்ணத்துல வெச்சுக்கிட்டுப் பூசு. இப்ப இருக்கற டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு. முன்னூறு ரூபா டப்பான்னு எனக்கும் வயிறு எரிஞ்சுது, ஆனா எனக்கு மூணாந்தடவை வந்தது அந்த டப்பாவாலதான்னு இன்னைக்கும் நெனைக்கறேன்.

தண்ணி வாக்கறதுக்குப் பயத்தமாவு, சீயக்கா எதுவும் வேண்டாம். கை பொறுக்கற வெதுவெதுப்பு, 5 நிமிசம், மிஞ்சிப் போனா 10. பக்கைப் பிச்சு எடுக்காதே, ஊறித் தானா வரட்டும். துண்டால ஒத்தி எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள, மூணு நிமிசத்துல கிரீம். அப்பறம் சாம்பிராணி காட்டற பழக்கம் இருந்தா நிறுத்திரு. பொகையும் ஆகாது, பாரபின் கலந்த கிரீம் ஊறுன துணி நெருப்புப் பட்டாச் சட்டுனு புடிக்கும். இது யாரும் சொல்றதில்ல.

தொட்டில் பாலியஸ்டர் சேலைன்னா பழைய பருத்திச் சேலைக்கு மாத்து. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஓவர்லாக் தெச்சவ, பையனுக்குப் பனியனை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பித்தான் போட்டுவிடுவேன், தையலும் லேபிளும் ஒடம்புல ஒரசாது.

உப்புத்தண்ணின்னு, அதான் கடினத்தண்ணின்னு சொல்லி, எங்க வீட்டுக்காரரு தண்ணியோட கடினத்தைக் கொறைக்கற மெசின் வாங்கக் கெளம்புனாரு. உப்புத்தண்ணி இருக்கற ஊர்ல கரப்பான் எச்சாங்கறது நெசம்தான். ஆனா இங்கிலாந்துல 336 கொழந்தைங்களை வெச்சு அந்த மெசினைச் சோதிச்சு 2011ல வெளியிட்டாங்க, கரப்பானுக்குப் பெருசா ஒரு கொணமும் தெரியல. அந்தக் காசுக்குக் கிரீம் வாங்கு.

சென்னிமலைக்காரன்:

குப்பமேனி இலை, கல்லுப்பு, மஞ்சள் மூணையும் அரைச்சு பத்துப் போடுங்க. மூணே நாள்ல காஞ்சிரும். எங்க வீட்டுல நாலு தலைமொறையா இதுதான். இங்கிலீசு மருந்துக்குப் போனா பணமும் போச்சு, தோலும் போச்சு.

ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா:

தம்பி, பெரியவங்க சொறிக்கு நீங்க என்னமோ போட்டுக்கோங்க. தோல் உரிஞ்சு தண்ணி கசியற 4 மாசக் கொழந்தை கன்னத்துல கல்லுப்பை வெச்சா எப்படி எரியும்னு உங்க வெரலைக் கீறிட்டு வெச்சுப் பாருங்க.

27 வருசம் அரசு ஆஸ்பத்திரி வார்டுல இருந்தவ நான். தறிக்காரர் வீட்டம்மாவுக்கு மூணு விசயம் சொல்லோணும். மொதல் விசயந்தான் முக்கியம்.

நீ எழுதுனதைப் பாத்தா மஞ்சப் பக்கு, கசிவு, காய்ச்சல் இல்ல. இது பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி வேலை. ஆனா இதே கரப்பான் தோல்ல ஹெர்பிஸ் வைரஸ் பூந்தா கதையே வேற. அப்பக் குண்டூசித் தலையாட்டம் ஒரே அளவுல கொப்புளம் கொத்துக் கொத்தா வரும். ஒடஞ்சா ஆணி புடுங்கின எடம் மாதிரி வட்டக் குழி நிக்கும். வலி இருக்கும், காய்ச்சல் வரும், கொழந்தை பால் குடிக்காம சொணங்கிப் படுத்துரும். பெரியவங்க உதட்டோரம் கொப்புளத்தோட கொழந்தையை முத்தங் கொஞ்சுனாலே தொத்திக்கும். கண்ணுக்குப் பக்கத்துல வந்தா பார்வைக்கே ஆபத்து. இதுக்கு அசைக்ளோவிர்னு தனி மருந்து இருக்குது, ஆனா அன்னைக்கே ஆரமிக்கோணும். ராத்திரி ரெண்டு மணின்னாலும் 108-ஐக் கூப்பிட்டுட்டுக் கெளம்போணும்.

இதைத்தான் நம்ம சனம் அக்கிங்குது, இல்லாட்டி அம்மைங்குது. எங்க வார்டுக்கு ஒரு கொழந்தை மூணு நாள் வேப்பலை மேல படுக்க வெச்சிருந்துட்டு வந்துச்சு. பொழைச்சுருச்சு, ஆனா எட்டு நாள் நாங்க யாரும் நிம்மதியாச் சோறு திங்கல. அந்தக் கொழந்தையோட அப்பத்தாகிட்ட நான் சொன்னது, ஆத்தா கோவிச்சுக்க மாட்டா, மொதல்ல ஊசி போட்டுக்குங்க, அப்பறம் மாவிளக்கு எடுங்கன்னு.

ரெண்டாவது ஆயின்மென்ட்டு. கொழந்தை மொகத்துக்கு டாக்டருங்க எழுதறது பெரும்பாலும் வீரியம் கொறைஞ்ச ஹைட்ரோகார்டிசோன். சொன்ன நாளைக்கு, சொன்ன அளவுல பூசுனா மொகம் கருக்காது. உன்ற ஆள்காட்டி வெரல் நுனியில இருந்து மொதல் ரேகை வரைக்கும் பிதுக்குனா, அது பெரியவங்க ரெண்டு உள்ளங்கை அளவு எடத்துக்குப் போதும். பாப்பாவோட கன்னத்துக்கு அதுல கொஞ்சம்தான். பயப்பட வேண்டியது சீட்டு இல்லாம மெடிக்கல்ல எடுத்துக் குடுக்கற, மூணு மருந்து கலந்த டியூப்புக்கு. அதுல குளோபெட்டசால் மாதிரி கடுமையான ஸ்டீராய்டு இருக்கும். உங்க டியூப்பை டாக்டரம்மாகிட்டக் காமிச்சு, அவங்க எழுதுனதுதானான்னு கேளு. மிச்சம் இருக்கற சிரப்பைக் கொட்டிரு, கலக்குன மருந்து நாளானா வேலை செய்யாது. இந்தத் தடவை எந்த மருந்து குடுத்தாலும் சொன்ன நாள் முடியற வரைக்கும் நிறுத்தாதே. நீயும் நல்லாச் சாப்பிடு சாமி. பாப்பாவுக்கு ஒரு குறிப்பிட்ட பண்டம் ஒத்துக்கலைன்னு டாக்டர் சொன்னா மட்டும் அதை நிறுத்து. ரசஞ்சோத்துல பால் ஊறுமா?

மூணாவது ஒரு கேள்வி. வீட்டுல யாருக்காச்சும் கட்டி, சலக்கொப்புளம் அடிக்கடி வருதா?

தறிக்காரர் வீட்டம்மா:

அக்கா, உங்க கேள்வியைப் படிச்சதும் கை நடுங்கிருச்சு. என்ற வீட்டுக்காரருக்கு ரெண்டு மாசமாத் தொடையில கட்டி. ஒண்ணு ஒடஞ்சா அடுத்தது. தறியில நின்னு வேர்க்கறதுனாலன்னு விட்டுட்டோம். குளிச்சுட்டு வந்து அவரு தொடைக்கற துண்டுலதான் பாப்பாவையும் தொடைச்சிருக்கேன்.

கோபி நங்கை:

அடக் கெரகமே. கெடைச்சிருச்சு பாரு, ஆடு வந்த வழி.

ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா:

அவரையும் கூட்டிட்டுப் போ. இந்தக் கிருமி சில பேரு மூக்குல குடியிருக்கும், அவங்களுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. துண்டு, தலகாணி உறை எல்லாம் ஆளுக்குத் தனி, சுடுதண்ணியில தொவைச்சு வெயில்ல போடு. பாப்பாவுக்கு நகம் வெட்டிவிடு.

தறிக்காரர் வீட்டம்மா (9 நாள் கழிச்சு):

எல்லாரும் கேட்டிருந்தீங்க, இப்பத்தான் நேரம் கெடைச்சுது. மறுநாளே போனோமுங்க. பாப்பாவோட கன்னத்துல இருந்து பஞ்சுக்குச்சியில தொட்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாங்க, வீட்டுக்காரரு மூக்குல இருந்தும். ரெண்டுலயும் ஒரே கிருமி. அவருக்கு மூக்குல பூசிக்க ஒரு மருந்து, பாப்பாவுக்கு வேற சிரப்பு. ஆயின்மென்ட்டு அதேதான், தெனமும் எத்தனை தடவை, எத்தனை நாளுன்னு சீட்டுல எழுதியே குடுத்துட்டாங்க. காலண்டர்ல கோடு போட்டுட்டு வர்றேன். கன்னம் இப்ப வெறும் ரோஸ் கலர்ல இருக்குது. நேத்து ராத்திரி அஞ்சு மணி நேரம் ஒட்டுக்காத் தூங்குச்சுங்க. நாந்தான் தூங்கல, மூச்சு வருதான்னு பாத்துட்டே இருந்தேன்.

அத்தை கதை கேளுங்க. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போன நேரத்துல அவங்க பாப்பா சட்டையை எடுத்துக்கிட்டு அந்தப் பானைக்காரத் தாத்தாகிட்டப் போயிருக்காங்க. அவரு எல்லாத்தையும் கேட்டுட்டு, சலம் வெச்சதுக்கு நான் எழுத மாட்டேன், கொழந்தையை டாக்டர்கிட்டக் காட்டு ஆத்தான்னு தாட்டிவிட்டுட்டாராம். வந்ததுல இருந்து மருந்து நேரத்தை எனக்கு ஞாபகப்படுத்தறதே அத்தைதான்.

ஒரே ஒரு சந்தேகம். பழைய கிரீம் டப்பாவைக் குப்பையில போட மனசு வரல. வீட்டுக்காரரு குதிகால் வெடிப்புக்குப் பூசிக்கறேங்கறாரு. பூசிக்கலாமுங்களா?

ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா:

கட்டி வந்த ஆளுக்கே அந்த டப்பாவா? குப்பையில போடு சாமி.