பக்கத்து வீட்டுக்காரர் கத்தினால் போனை ஆன் செய்யலாமா?

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்த நண்பர் ஒருவருக்கு மேல்வீட்டோடு தகராறு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாற்காலியை இழுக்கிறார்களாம், கேட்கப் போனால் கத்துகிறார்களாம், அதனால் அடுத்த முறை போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். எந்த நாடு என்று பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள். ஆதாரம் சேர்க்கப் போன ஆளே குற்றவாளியாக நிற்க நேரிடும்.

ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, தனிப்பட்ட பேச்சை அனுமதி இல்லாமல் பதிவு செய்வதே குற்றம். பேசுகிற இருவரில் நீங்கள் ஒருவர் என்றாலும் அப்படித்தான். 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். கனடாவில் கதை வேறு, பேச்சில் நீங்களும் இருந்தால் பதிவு செய்யலாம், ஆனால் போனை ஒளித்துவைத்து அடுத்தவர்கள் தங்களுக்குள் பேசுவதைப் பிடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: நியூயார்க்கில் பேசுபவர்களில் ஒருவர் சம்மதம் போதும், அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். கலிஃபோர்னியாவில் ரகசியமாகப் பேசப்படும் பேச்சு என்றால் எல்லோர் சம்மதமும் வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவுக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் ஒரே சட்டம் இல்லை.

அப்புறம் டோர்பெல் கேமரா, அதாவது வாசல் அழைப்பு மணியிலேயே இருக்கும் கேமரா. இதில் தப்பு என் பக்கமே இருந்தது. எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் கதவிடுக்கில் சீட்டு செருகிவிட்டுப் போயிருந்தார், 'உங்கள் கேமரா எங்களைப் பார்க்கிறது' என்று. கொஞ்சம் எரிச்சலோடுதான் பழைய பதிவைத் திறந்தேன். அவர் கதவு திறப்பது தெரிந்தது, அது பரவாயில்லை. வாசலில் நின்று மகளிடம் மருத்துவமனை விஷயம் போனில் பேசியது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. செட்டிங்கில் போய் ஒலியை அணைத்தேன், அவர் கதவு வரும் பகுதியைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்தேன், அதை அவரிடமே காட்டினேன்.

படத்தைவிடக் குரல்தான் வம்பு. 2021-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்றத்தில் இப்படி ஒரு டோர்பெல் வழக்கு வந்தபோது, காணொளியைவிட ஒலிப்பதிவு இன்னும் மோசம் என்றுதான் நீதிபதியும் சொன்னார். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: வீட்டுக் கேமரா பொதுத்தெருவையும் பிடித்தால் 'சொந்த உபயோகம்' என்று சொல்லித் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து தப்பிக்க முடியாது, 2014-இலேயே ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, ரெக்கார்டிங் இல்லாமல் எப்படி நிரூபிப்பது? நோட்டில் எழுதுங்கள், ஜெர்மன்காரர்கள் இதற்கு லேர்ம்புரோட்டோகோல் (சத்தக் குறிப்பேடு) என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 'மார்ச் 4, இரவு 11.40 முதல் 12.25 வரை, படுக்கையறைக்கு நேர்மேலே மரச்சாமான் இழுக்கும் சத்தம், கூட இருந்தது இன்னார்' என்கிற அளவுக்கு இருக்க வேண்டும். 'தினமும் தொல்லை' என்று எழுதினால் வீட்டு உரிமையாளர்கூட மதிக்க மாட்டார். புகாரையும் வாய்வார்த்தையாக விடாமல் மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

ஏற்கெனவே பதிவு செய்துவிட்டீர்களா? வாட்ஸ்அப் குழுவில் போட்டு நியாயம் கேட்காதீர்கள், ஜெர்மனியில் அப்படிப்பட்ட பதிவை இன்னொருவருக்குப் போட்டுக்காட்டுவதும் தனிக் குற்றம். வக்கீலிடமும் 'இப்படி ஒன்று இருக்கிறது' என்று மட்டும் முதலில் சொல்லுங்கள், அவர் கேட்டால் காட்டலாம்.