ஏஐ லீட் தேடிய கதை: உங்கள் அனுபவம் என்ன?

ஓஎம்ஆர் மேனேஜர்:
கடன் தவணை தவறப்போவது யார் என்று முன்கூட்டியே கணிக்கும் மாடல் எங்களுடையது. அதை நடத்த சீனியர் ஒருவரைத் தேடினோம். வந்தவர் பேக்கெண்டில் பழுத்த அனுபவம் உள்ள பெண்மணி. எங்கள் ஆர்க்கிடெக்ட் பேச்சுவாக்கில், “இப்போதே 97 சதவீதம் சரியாகச் சொல்கிறது” என்றார்.

“சார், நூறு பேரில் எத்தனை பேர் தவணை தவறுகிறார்கள்?”

“மூன்று பேர் இருக்கும்.”

“அப்படியென்றால், எல்லோரும் ஒழுங்காகக் கட்டிவிடுவார்கள் என்று ஒரே வரி கோட் எழுதினாலும் 97 வந்துவிடுமே சார்.”

அவர் குரலில் துளி ஏளனம் இல்லை. ஆனாலும் ஆர்க்கிடெக்ட் அதன் பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இவரைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். ‘டீமோடு ஒத்துப்போக மாட்டார்’ என்று மேலே கழித்துவிட்டார்கள். அந்த வரியை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

மதுரை டெவலப்பர்:
எனக்கு நேர்ந்தது மேஜைக்கு அந்தப் பக்கம். ஹெச்ஆர் போனில், “ஜெனரேட்டிவ் ஏஐயில் பத்து வருட அனுபவம் கட்டாயம்” என்றார். சாட்ஜிபிடி வந்ததே 2022 நவம்பரில். அதற்கெல்லாம் அடிப்படையான டிரான்ஸ்பார்மர் ஆய்வுக் கட்டுரை 2017. இதைப் பொறுமையாகச் சொன்னேன். “ஜேடியில் (வேலை விவரக் குறிப்பில்) அப்படித்தான் சார் போட்டிருக்கு” என்று வைத்துவிட்டார். வயிறு எரிந்தது.

பழைய பேனல்காரன்:
மதுரைத் தம்பி, ஜெனரேட்டிவ் என்பது சாட்ஜிபிடி மட்டும் இல்லை. படங்களைப் புதிதாக உருவாக்கும் ‘கான்’ (GAN) மாடல்கள் 2014லேயே வந்துவிட்டன. ஜேடி எழுதியவருக்கு அது தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

ஓஎம்ஆர் சாருக்கு: அந்தக் கேள்வி அருமை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நல்ல கேள்வியை வைத்து லீட் பதவி கொடுக்கக் கூடாது. எல்லாச் சுற்றையும் பார்த்தே நாங்கள் ஏமாந்தோம்: எடுத்தவர் எல்லாவற்றிலும் பிரமாதம். 90 நாள் நோட்டீஸ் முடியும்வரை காத்திருந்தோம், சேர வேண்டிய அன்று காலையில் வேறு ஆஃபர் என்று மெசேஜ் வந்தது.

இனி ஆள் எடுப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். பெயர், போன் நம்பர், கணக்கு எண்களை நீக்கிவிட்டு உங்கள் டேட்டாவில் கொஞ்சம் கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். அதில் ‘வசூல் பிரிவு முதலில் அழைத்த தேதி’ மாதிரி ஒரு நெடுவரிசை (column) இருக்கட்டும். தவணை தவறிய பிறகுதானே அது நிரம்பும்? அதையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தால் டெஸ்டில் மாடல் பிரமாதமாகத் தெரியும், புதிதாகக் கடன் கேட்டு வருபவரிடம் படுத்துவிடும். இதைக் கண்டுபிடிக்கிறாரா பாருங்கள். அப்புறம், ஏஐயே தேவையில்லை, நாலு ரூல் எழுதினால் போதும் என்று எந்த வேலையையாவது இதுவரை திருப்பி அனுப்பியிருக்கிறாரா என்று கேளுங்கள். கடைசிச் சுற்றில், அவருக்குக் கீழே வேலை செய்யப்போகும் ஜூனியர் ஒருவரையும் பேனலில் உட்கார வையுங்கள். ஒத்துப்போவாரா மாட்டாரா என்பதை அந்தப் பிள்ளை சொல்லட்டும், ஆர்க்கிடெக்ட் சொல்ல வேண்டாம்.