மறுமொழி: மூச்சைக் கவனிக்கும் சட்டைக்குக் கலைச்சொல்

> "அணியத்தக்க கம்பியில்லாத் திறன்துணிச் சுவாசக் கண்காணிப்பு உணரி" என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, வணக்கம். மூச்சைக் கவனிக்கும் சட்டைக்கு நீங்கள் கேட்ட இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நமக்கே மூச்சு வாங்குகிறது :-) நீளத்தை விடுங்கள், எனக்கு உறுத்துவது "திறன்துணி உணரி" (ஸ்மார்ட் துணி சென்சார்) என்கிற பகுதிதான். துணி ஒன்று, அதில் உணரி என்று ஒரு சின்ன டப்பா ஒட்டியிருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கனடாவில் கியூபெக் நகரத்து லாவால் பல்கலைக்கழகத்தில் யூனஸ் மெசாதெக் குழுவினர் 2017-இல் காட்டிய டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுப் பகுதியில் சுருள் வடிவில் ஓர் இழை தைத்திருக்கும். உள்ளே கூடான கண்ணாடி இழை, அதன் உட்சுவரில் மெல்லிய வெள்ளிப் பூச்சு, வெளியே பாலிமர் உறை, அவ்வளவுதான். உணரி என்று தனியாகக் காட்ட அதில் எதுவும் கிடையாது. அந்த இழையே ஆன்டெனா, அதுவே உணரி. மூச்சை இழுக்கும்போது மார்புச் சுற்றளவும் நுரையீரலுக்குள் இருக்கும் காற்றும் கூடுகின்றன, ஆன்டெனாவின் ஒத்ததிர்வு அதிர்வெண் (அது மிக நன்றாக அதிரும் அலைவரிசை) கொஞ்சம் நகர்கிறது, அந்த நகர்விலிருந்து கணினி மூச்சைக் கணக்கிட்டுக்கொள்கிறது. அதனால் சட்டை உடம்பைக் கவ்விப் பிடிக்க வேண்டியதில்லை. சோப்புப் போட்டு 20 முறை துவைத்த பிறகும் வேலை செய்தது என்கிறார்கள் (நம் துவைகல்லில் அடித்தால் தாங்குமா என்பது வேறு கதை).

ஆகவே "உணர்துணி" என்கிறேன், வினைத்தொகையாக. பூச்சிக்கு "உணர்கொம்பு" என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது அந்நியமாகவே இருக்காது. "திறன்துணி"யும் இருக்கட்டும், ஆனால் சூடேறும் துணி, நிறம் மாறும் துணி எல்லாம் அதற்குள் வந்துவிடும், இதற்கு மட்டும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் "அணியத்தக்க" எதற்கு? சட்டை என்றாலே உடுத்துவதுதானே. "கம்பியில்லா" தேவைப்படுகிற இடத்தில் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். ஆன்டெனாவுக்கு "அலைவாங்கி" என்று எழுதிப் பழகியிருக்கிறோம், இங்கே அது அலையை அனுப்பவும் செய்கிறது, "வாங்கி" என்றால் பாதி வேலைதான் சொன்னதாகும். வேறு நல்ல சொல் வரும்வரை ஆன்டெனா என்றே விடலாம்.

சுவாசமா மூச்சா என்றால் என் ஓட்டு மூச்சுக்கு. "மூச்சுணர்துணி". சரிதானா?

-----

> "மூச்சுணர்துணி". சரிதானா?

அண்ணா, உணர்துணி பிடித்திருக்கிறது. முன்னால் "மூச்சு" ஒட்டுகிற இடத்தில்தான் தயங்குகிறேன். நான் செவிலியர், தூக்கத்தைப் பரிசோதிக்கும் பிரிவில் வேலை. உறக்கத்தில் தொண்டை அடைபடுகிறவர்களுக்கு 10 நொடி, அதற்கு மேலும்கூட மூக்கில் காற்றே ஓடாது. ஆனால் நெஞ்சும் வயிறும் சும்மா இருக்காது, நெஞ்சு உள்ளே போகும்போது வயிறு வெளியே தள்ளும், ஆள் போராடிக்கொண்டே இருப்பார். நெஞ்சை மட்டும் பார்க்கிற கருவிக்கு அது மூச்சுப் போலவே தெரியலாம். இதனால்தான் மூக்கடியில் ஒரு குழாயும் வைத்து, நெஞ்சுக்கு ஒன்று வயிற்றுக்கு ஒன்று என்று பட்டையும் கட்டுகிறோம் (பட்டைக்குள் நெளிநெளியாகக் கம்பி ஓடும், சுற்றளவு மாறினால் அதன் மின்தூண்டல் மாறும்). நுரையீரல் காற்றும் அதிர்வெண்ணை நகர்த்துகிறது என்கிறீர்கள், சரி, ஆனால் நெஞ்சசைவும் அதுவும் ஒரே எண்ணில் கலந்துதானே வருகிறது? ஆகவே "மூச்சசைவு உணர்துணி" என்று போடுங்கள், "மூச்சுணரி"யை மூக்கடியில் காற்றைப் பார்க்கிற கருவிக்கு விட்டுவிடுங்கள்.

"கண்காணிப்பு" எனக்குப் போலீஸ் வாடை அடிக்கிறது. வார்டில் மூச்சு எண்ணுவோம், மூச்சுப் பார்ப்போம். எண்ணப்போகிறேன் என்று சொன்னாலே நோயாளியின் மூச்சு மாறிவிடும், அதனால் நாடி பிடிப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை நெஞ்சில் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுவோம். பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இருக்கும். இந்த வேலையை அவருக்கே தெரியாமல் சட்டை செய்துவிட்டால் எனக்கு நிம்மதி. கட்டுரைத் தலைப்புக்கு "உணர்துணியால் மூச்சுப் பார்த்தல்" போதும் என்று நினைக்கிறேன், ஐயா என்ன சொல்கிறார் பார்ப்போம்.