துடைத்தபிறகுதான் தெரிந்தது: பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியோடு நம் அனுபவங்கள்

ஈரத்துணி:
நாலு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. ரோஜாவில் சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சி அப்பியிருந்த சமயம். இலையைத் திருப்பினால் தலைமுடி மாதிரி காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் வெளிர்பச்சையாக ஒரு மணி. பூஞ்சணம்னு முடிவு பண்ணி ஈரத்துணியால வழிச்சுட்டேன். ஒரு காம்பு மட்டும் விரலோடு ஒட்டிக்கிட்டு வந்தது. மத்தது எல்லாம் பச்சை, இது மட்டும் சாம்பல். கிட்டே வச்சுப் பார்த்தா ஓடு பிளந்து ஒரு தலை வெளியே வந்துக்கிட்டிருந்தது. அந்தத் தலையை என்னால மறக்கவே முடியல.

இலைநரம்பு:
அந்தக் காம்பு உருவாவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இரவு, டார்ச் வெளிச்சத்தில். தாய்ப்பூச்சி வயிற்று நுனியால் இலையைத் தொட்டு ஒரு பொட்டுப் பசை வைத்தது. வயிற்றை அப்படியே மேலே தூக்க, பசை இழையாக நீண்டு, கண்ணெதிரே விறைத்து நின்றது. அதன் உச்சியில் ஒரு முட்டை. சற்று நகர்ந்து மறுபடியும். முட்டைகளை இலையிலேயே ஒட்டிவிட்டால் முதலில் பொரிக்கிற புழு கூடப்பிறந்ததையே தின்றுவிடும். காம்பின் உச்சியில் இருந்தால் எறும்புக்கும் எளிதில் எட்டாது.

கருங்கொடி:
எல்லாரும் முட்டையையே பேசுறீங்க. புழுவைப் பார்த்தவங்க யாரும் இல்லையா? ஒரு நாள் தண்டில் ஒரு குப்பை உருண்டை நடந்து போனது. பஞ்சு, காய்ந்த தோல், செத்த அசுவினிக் கூடு எல்லாம் முதுகில். குச்சியால் தள்ளினேன். அடியில் அரிவாள் மாதிரி இரண்டு கொடுக்கு. ஒரு அசுவினியைக் குத்தி அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, அது கண்ணெதிரே வற்றிச் சுருங்கியது. இதுதான் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியில் கிரைசோபெர்லா என்கிற வகை, சந்தேகமே வேண்டாம்.

இலைநரம்பு:
@கருங்கொடி, சந்தேகம் இருக்கிறது. குப்பை சுமப்பது அதே குடும்பத்தில் வேறு இனங்கள். முதுகில் கொக்கி போன்ற மயிர் இருக்கும், குப்பை அதில்தான் மாட்டிக்கொள்ளும். கிரைசோபெர்லா புழு மூட்டை முடிச்சு இல்லாமல், குட்டி முதலை போலத் திரியும். கொடுக்கு பற்றிச் சொன்னது சரி. உள்ளே குழல் இருக்கிறது. அது வழியே செரிமான நீரைச் செலுத்தி, கரைந்ததை உறிஞ்சும்.

கருங்கொடி:
நான் பார்த்ததைத்தான் சொன்னேன். பெயரை வேண்டுமானால் மாற்றிக்கொள்கிறேன், அந்த அசுவினி வற்றியதை மாற்ற முடியாது.

தழைச்சத்து:
என் கதை சின்னது: புழு என் கையைக் கடித்தது, சுருக்கென்றது, அவ்வளவுதான். ஆனால் @ஈரத்துணி அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அசுவினியைக் கண்டதும் மருந்தடிக்க ஓடாதீர்கள். சோப்புக் கரைசலும் புழுவின் மேல் பட்டால் அதையும் கொல்லும். முதலில் இலையடியைப் பாருங்கள். காம்பு முட்டை இருந்தால் அந்தக் கிளையை விட்டுவிடுங்கள். ஒரு புழு வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கில் தின்னும். அடுத்தது எறும்பு. அசுவினி கழிக்கிற இனிப்பு நீருக்காக, அதாவது தேன்கழிவுக்காக, அதைக் காவல் காக்கிற எறும்பு, புழுவை விரட்டிவிடும், அதனால் எறும்பு ஏறுகிற வழியை அடைத்துவிடுங்கள். மூன்றாவது, கொத்தமல்லியில் நாலு செடியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். கிரைசோபெர்லாவில் வளர்ந்த பூச்சி வேட்டையாடாது. தேன், மகரந்தம், அசுவினியின் தேன்கழிவு, இவைதான் சாப்பாடு. பூ இல்லாத தோட்டத்தில் அது ஏன் தங்கப்போகிறது?

ஈரத்துணி:
நன்றிங்க. இப்ப மருந்தே அடிக்கிறதில்ல. நான் சொல்ல வந்தது அந்த ஒரு முட்டையைப் பத்தி மட்டும்தான்.

வௌவால்வீதி:
விளக்குக் கம்பத்தடியில் நின்றிருந்தேன். தங்கம் மாதிரி மின்னுகிற கண்ணோடு ஒன்று தலைக்கு மேலே மெதுவாகத் தத்தித் தத்திப் பறந்தது. இருட்டிலிருந்து வௌவால் பாய்ந்தது. அதே நொடியில் பூச்சி இறக்கையை மடக்கிக்கொண்டு கல் மாதிரி விழுந்தது, என் செருப்புக்குப் பக்கத்தில். முன்னிறக்கை நரம்பில் அதற்குக் காது இருக்கிறது, நமக்குக் கேட்காத வௌவால் ஒலி அதற்குக் கேட்கும் என்று பிறகுதான் படித்தேன். அன்றைக்கு அடிபட்டு விழுந்தது என்றே நினைத்தேன். குனிவதற்குள் எழுந்து போய்விட்டது.

மெல்லதிர்வு:
இனம் பற்றிய சண்டைக்கு ஒரு வார்த்தை. ஸ்டீபன்ஸ் என்ற பூச்சியியலாளர் 1836இல் பெயர் வைத்த கிரைசோபெர்லா கார்னியாவையே வெகுகாலம் ஒரே இனம் என்று நினைத்திருந்தார்கள். அது பல இனங்களின் கூட்டம் என்று காட்டிக்கொடுத்தது அவற்றின் பாட்டு. ஒரே இலையில் இரண்டு எதிரெதிரே நின்றதைப் பார்த்தேன். ஒன்று வயிற்றை விறுவிறுவென்று ஆட்டி நிறுத்தியது, மற்றது அதே தாளத்தில் பதில் ஆட்டியது. சத்தமே இல்லை. இலைதான் நடுங்கியது. அந்த நடுக்கத்தைக் காலால் உணர்ந்துதான் தன் இனத்தை அடையாளம் காணும். தாளம் ஒத்துவராவிட்டால் சேராது. வெறும் கண்ணால் பார்த்து இதுதான் கார்னியா என்று யாரும் அடித்துச் சொல்லாதீர்கள்.

மிளகுக்கூடு:
மிளகு அளவில் வெள்ளைக் கூடு ஒன்றைப் பாட்டிலில் வைத்திருந்தேன். ஒரு காலை மூடி திறந்தாற்போல் கூடு வட்டமாக வெட்டிக் கிடந்தது. வெளியே நடந்து வந்தது பூச்சி இல்லை, கூட்டுப்புழு! பாட்டில் சுவரில் ஏறி நின்று, அங்கேதான் தோலுரித்தது. கசங்கிய துணி மாதிரி இருந்த இறக்கை மெல்ல விரிந்து கண்ணாடியானது. அப்புறம் கருப்பாக ஒரு கட்டி போட்டது. புழுவாக இருந்தபோது குடல் பின்பக்கம் அடைத்தே இருக்குமாம். தின்றதன் கழிவை அத்தனை நாளும் வயிற்றிலேயே வைத்திருந்து, இறக்கை வந்த பிறகுதான் இறக்கியது. அந்தக் கட்டியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈரத்துணி:
கூடு இலைக்கு அடியிலயா இருந்தது, தண்டோரமா? நாளைக்குக் காலையில தேடிப் பார்க்கணும்.